‘எ’, ‘ஆன்’, ‘த’: எந்த வரிசையில் யோசித்தால் பிழை குறையும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பலர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) காலத்தில் படித்த விதிகள் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கின்றன. ‘உயிரெழுத்துக்கு முன்னால் ஆன்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பத்து வரி எழுதச் சொன்னால், ஆர்ட்டிக்கிள் (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘எ’, ‘ஆன்’, ‘த’) வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கும். வேண்டாத இடத்தில் ‘த’ வந்து குந்தியிருக்கும்.

விதிகளைப் பிடிக்கும் வரிசைதான் கோளாறு. பாடப்புத்தகம் ‘எ’யா ‘ஆன்’ஆ என்பதில் தொடங்குகிறது. அது பின்னால் கேட்க வேண்டிய சின்னக் கேள்வி. அதற்கு முன் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. அவற்றைத்தான் ஒழுங்காகத் தருகிறேன்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். அதில் ஒரு லாபமும் இருக்கிறது, ஆறாம் படியில் தெரியும். ‘எ’ என்று எழுதியிருந்தாலும் சொல்லும்போது ‘அ’ போலத் தேய வேண்டும். ‘ஏ’ என்று இழுக்க வேண்டாம். ‘த’ உயிரொலிக்கு முன்னால் ‘தி’ ஆகும். எழுத்து மாறாது, ஒலி மட்டும்தான் மாறும்.

தொடங்குமுன்: என்ன வேண்டும்

ஒரு கொப்பி, ஒரு பென்சில், நீங்களே எழுதிய பத்து வரி. நேற்று என்ன செய்தீர்கள் என்று எழுதினால் போதும். அச்சடித்த பயிற்சித்தாள் வேண்டாம். அதில் கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள், அந்த இடத்தில் ஏதோ வரவேண்டும் என்று கோடே சொல்லிவிடும். நாம் தடுக்கி விழுவது கோடு இல்லாத இடத்தில்.

அப்புறம் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று வெளிவரும் ஓர் அகராதி. சாதாரண ஆங்கில – தமிழ் அகராதி பொருளை மட்டும் சொல்லும். கற்பவர்களுக்கான அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ அல்லது ‘யூ’ என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ‘சி’ என்றால் எண்ணலாம், ‘யூ’ என்றால் எண்ண முடியாது. இரண்டாம் படிக்கு இந்த எழுத்து இல்லாமல் சரிவராது.

1. பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள், இடம் காலியா பாருங்கள்

பத்து வரியிலும் உள்ள பெயர்ச்சொற்களை வட்டமிடுங்கள். வினைச்சொல்லைத் தொட வேண்டாம். ஆர்ட்டிக்கிள் பெயரோடு ஒட்டியது, ஆகவே பெயரைக் காணாமல் அதைப் பற்றி யோசிக்க வழியில்லை.

வட்டத்துக்கு முன்னால் ‘மை’, ‘யுவர்’, ‘திஸ்’, ‘தட்’, ‘ஈச்’, ‘சம்’ மாதிரி ஒரு சொல் ஏற்கெனவே இருந்தால், அந்தப் பெயருக்கு வேலை முடிந்தது. பெயருக்கு முன்னால் உள்ள அந்த இடம் பஸ்ஸில் ஒருவர் மட்டும் இருக்கும் சீட் மாதிரி. ‘மை’ உட்கார்ந்த பிறகு ‘த’ அங்கே உட்கார முடியாது. ‘த மை ஹவுஸ்’ என்று யாரும் எழுதமாட்டார்கள் என நினைப்பீர்கள்; வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன்.

‘என் நண்பர் ஒருவர்’ என்று சொல்ல வரும்போதுதான் இது கடினமாகும். ‘எ மை ஃப்ரெண்ட்’ தவறு. ‘எ ஃப்ரெண்ட் ஒஃப் மைன்’ என்று சுற்றிப் போக வேண்டும்.

2. எண்ணலாமா என்று கேளுங்கள்

இங்கே தமிழை நம்பினால் ஏமாந்து போவோம். கடையில் ‘ஒரு பாண் தாங்கோ’ என்கிறோம். பாணை நாம் எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் ‘ப்ரெட்’ எண்ண முடியாதது, ‘எ ப்ரெட்’ கிடையாது. ‘எ லோஃப் ஒஃப் ப்ரெட்’ என்று, பாணை விட்டுவிட்டு அதன் உருவத்தை எண்ணுவார்கள்.

இதே வகையில் வகுப்பில் அடிக்கடி சறுக்கும் சொற்கள்: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபேர்னிச்சர், லகேஜ், எக்விப்மென்ட், ஹோம்வேர்க், நியூஸ், ட்ரஃபிக். ஒன்றுக்கும் முன்னால் ‘எ’ வராது, பின்னால் பன்மை ‘எஸ்’ஸும் வராது. ஒன்று என்று சொல்லியே ஆக வேண்டுமானால் ‘எ பீஸ் ஒஃப் அட்வைஸ்’.

‘வேலை’ என்ற சொல் தனிக்கதை. நம்முடைய ஒரே சொல் ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. ‘வேர்க்’ எண்ண முடியாதது, ‘ஜொப்’ எண்ணக்கூடியது. ‘எனக்கு ஒரு வேலை கிடைத்தது’ என்பதை ‘ஐ கொட் எ வேர்க்’ என்று எழுதுகிறார்கள். ‘ஐ கொட் எ ஜொப்’ என்று எழுத வேண்டும்.

சில சொற்கள் இரண்டு பக்கமும் நிற்கும். ‘கொஃபி’ பொதுவாக எண்ண முடியாதது, ஆனால் கடையில் ‘எ கொஃபி, ப்ளீஸ்’ சரி. அங்கே ஒரு கோப்பை என்பது பேச்சில்லாமலே விளங்கும். சந்தேகம் வந்தால் அகராதியின் ‘சி’, ‘யூ’வைப் பாருங்கள். ஊகிக்க வேண்டாம்.

3. எண்ணலாம், அதுவும் ஒன்றுதான் என்றால் வெறுமையாக விடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வேன் என்று அடம்பிடித்தால் இதைச் செய்யுங்கள். எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் இருந்தால் அதற்கு முன்னால் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்: ‘எ’, ‘ஆன்’, ‘த’, அல்லது ‘மை’, ‘திஸ்’ மாதிரி ஒன்று. எது என்று இன்னும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அதிகம் விடுபடுவது தொழில்களில். ‘அவர் டொக்டர்’ என்று தமிழில் சொல்கிறோம். ‘அவர் ஒரு டொக்டர்’ என்றால் ஏதோ அழுத்திச் சொல்வது போல இருக்கும். அதனால் ‘ஹி இஸ் டொக்டர்’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் எ டொக்டர்’. கொழும்பில் சிங்களம் காதில் விழாமல் யாரும் வளர்வதில்லை, அது இங்கே உதவும். சிங்களத்தில் ‘டொக்டர் கெனெக்’ என்பார்கள். அந்த ‘கெனெக்’ இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் ‘எ’ இருக்கும்.

4. கேட்பவருக்கு எது என்று தெரியுமா?

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். மற்றவை எல்லாம் சொல்லைப் பார்த்துத் தீர்ப்பவை. இதை மட்டும் எதிரே இருப்பவரின் தலைக்குள் எட்டிப் பார்த்துத்தான் தீர்க்க முடியும்.

உங்களுக்கு எது என்று தெரிந்தால் போதாது. கேட்பவர் ‘எதைச் சொல்கிறாய்?’ என்று கேட்க வேண்டியிருந்தால் ‘எ’ அல்லது ‘ஆன்’. கேட்க வேண்டியிராவிட்டால் ‘த’.

நானே இதில் அடி வாங்கியிருக்கிறேன். முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில், ஒரு வாடிக்கையாளருக்கு முதன்முதலாக விலைமனு அனுப்பிவிட்டு, தனி ஈமெயிலில் ‘வி ஹேவ் சென்ட் த குவோட்டேஷன்’ என்று எழுதினேன். எனக்கு எந்தக் குவோட்டேஷன் என்று தெரியும், நான்தானே தயாரித்தேன். அவருக்கு அப்படியொன்று வருவதே தெரியாது. முன்பே பேசி முடிவான ஏதோ ஒன்று தன் கைக்கு வரவில்லை என்று நினைத்து, ‘விச் குவோட்டேஷன்?’ என்று பதில் போட்டார். பழைய ஈமெயில்களை இரண்டு பக்கமும் தோண்டியதில் அரைநாள் போனது. ‘எ குவோட்டேஷன்’ என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை என்பார்கள். சொல்லாக இல்லை, ஆனால் இந்த வேறுபாடு நமக்குப் புதிதல்ல. இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’யைக் கவனியுங்கள். ‘புறக்கோட்டையில் புத்தகம் வாங்கினேன்’ என்றால் ஏதோ ஒரு புத்தகம். ‘புறக்கோட்டையில் புத்தகத்தை வாங்கினேன்’ என்றால் நாம் முன்பு பேசிய அந்தப் புத்தகம். முதலாவது ‘எ புக்’, இரண்டாவது ‘த புக்’. நாம் யோசிக்காமலே ஒவ்வொரு நாளும் செய்கிற தெரிவு இது.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ஆட்களைச் சொல்லும்போது ‘ஐ’ எப்படியும் வந்துவிடும், ‘ஒரு பையனைக் கண்டேன்’ என்பதுபோல. அங்கே ‘ஒரு’வை நம்புங்கள், ‘ஐ’யை விடுங்கள். எழுவாயிலும் இந்த ‘ஐ’ வராது.

எழுவாய்க்குத்தான் சிங்களம். பஸ் தரிப்பிடத்தில் நின்று ‘பஸ் வருது’ என்றால் தமிழில் இரண்டு பொருளுக்கும் ஒரே வாக்கியம். சிங்களத்தில் ‘பஸ் எகக் எனவா’ என்றால் ஏதோ ஒரு பஸ் வருகிறது. ‘பஸ் எக எனவா’ என்றால் நாம் காத்திருந்த பஸ் வருகிறது, பையைத் தூக்கு. ‘எகக்’ என்று வாயில் வந்தால் ‘எ பஸ் இஸ் கமிங்’. ‘எக’ என்று வந்தால் ‘த பஸ் இஸ் கமிங்’. சிங்களம் பேசத் தயங்குகிறவர்களும் இதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்து ‘ஓ’ என்று தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒன்று எப்படித் ‘தெரிந்தது’ ஆகிறது? முதல் வழி, ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது: ‘ஐ போட் எ போன்’ என்ற பிறகு ‘த போன்’. இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

இரண்டாவது வழியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒன்றைச் சொன்னதும் அதோடு இழுபட்டு வருபவையும் தெரிந்தவை ஆகும். ‘ஐ கொட் இன்ட்டு எ பஸ். த டிரைவர் வோஸ் எங்ரி.’ டிரைவரை முன்பு சொல்லவே இல்லையே, முதல் தடவைதானே, ‘எ டிரைவர்’ வரவேண்டாமா என்று கேட்பார்கள். பஸ் என்றாலே ஒரு டிரைவர் இருப்பார், எந்த டிரைவர் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ‘எ டிரைவர்’ என்று எழுதினால், பஸ்ஸில் வேறெங்கோ பயணியாக இருந்த இன்னொரு சாரதி கோபப்பட்டது போல ஆகிவிடும்.

மூன்றாவது, இருப்பதே ஒன்றுதான்: ‘த சன்’, ‘த மூன்’, வீட்டுக்குள் ‘த கிச்சன்’, நாட்டுக்குள் ‘த ப்ரெசிடென்ட்’. ‘பெஸ்ட்’, ‘ஃபர்ஸ்ட்’, ‘சேம்’, ‘ஒன்லி’ போன்றவை பெயருக்கு முன் வந்தாலும் பெரும்பாலும் இதே காரணத்துக்காக ‘த’ வரும். முதலாவது என்பது ஒன்றுதானே இருக்க முடியும்.

நான்காவது, பின்னால் வரும் சொற்கள் அதைப் பிடித்துக் காட்டும்: ‘த புக் யூ கேவ் மி’. இதில் ஒரு பொறி இருக்கிறது. பின்னால் ‘ஒஃப்’ வந்தால் முன்னால் ‘த’ போட வேண்டும் என்று சிலர் யாரிடமோ கற்றுக்கொண்டு வருகிறார்கள். ‘த கப் ஒஃப் டீ’ என்று எழுதினால் எந்தக் கோப்பை? ‘எ கப் ஒஃப் டீ’ குடித்தால் போதும். ‘ஒஃப்’ வந்ததா என்று பார்க்காமல், அந்தச் சொற்கள் ஒன்றே ஒன்றைச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள்.

5. பொதுவாகப் பேசுகிறோமென்றால் ‘த’வைக் கழற்றுங்கள்

நாலாம் படி பழகியதும் புதுவியாதி ஒன்று தொற்றும். எல்லாவற்றுக்கும் ‘த’. ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்பதற்கு ‘ஐ லைக் த மேங்கோஸ்’. கேட்பவர் மேசையைப் பார்ப்பார், மாம்பழம் எங்கே என்று. உலகத்து மாம்பழம் எல்லாவற்றையும் சொல்கிறீர்கள் என்றால் ‘ஐ லைக் மேங்கோஸ்’.

பன்மை, அல்லது எண்ண முடியாதது, பொதுவாகச் சொல்வது என்றால் முன்னால் ஒன்றும் வேண்டாம்: ‘லைஃப் இஸ் எக்ஸ்பென்சிவ் இன் கொலம்போ’, ‘மோஸ்ட் பீப்பிள் டிரிங்க் டீ’. மொழிகளுக்கும் அப்படித்தான்: ‘ஐ ஸ்பீக் டமில்’, ‘ஐ ஸ்பீக் த டமில்’ அல்ல.

6. இப்போதுதான் ‘எ’யா ‘ஆன்’ஆ

இங்கே தமிழ்க்காரருக்கு ஒரு சொத்து கையிலேயே இருக்கிறது. ‘ஒரு மரம்’, ‘ஓர் ஆடு’ என்று பள்ளியில் படித்தோமே, அதே வேலைதான். ஆனால் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. ஆர்ட்டிக்கிள் ஒலியின் பக்கம் நிற்கும்.

ஆகவே அடுத்த சொல்லைக் காதில் விழுவது போலத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிரென்றால் ‘ஆன்’. மெய்யோ உயிர்மெய்யோ என்றால் ‘எ’. ‘யுனிவர்சிட்டி’ ஆங்கில எழுத்தில் உயிரில் தொடங்குகிறது, தமிழில் எழுதினால் ‘யு’. ஆகவே ‘எ யுனிவர்சிட்டி’. மணித்தியாலம் ஆங்கில எழுத்தில் மெய்யில் தொடங்குகிறது, தமிழில் ‘அவர்’. ஆகவே ‘ஆன் அவர்’. சுருக்கெழுத்துகளுக்கும் இதே: ‘ஆன் எம்.பி.’, ‘ஆன் என்.ஐ.சி.’, ‘ஆன் எஸ்.எம்.எஸ்.’, ‘எ யூ.எஸ்.பி.’. ஒருவழிப் பாதையை ஒலிப்படி ‘வன்-வே’ என்று எழுதுங்கள், ‘எ வன்-வே ரோட்’ தானாக வரும்.

இரண்டு இடத்தில் நம் நாக்கே நம்மைக் கவிழ்க்கும். ‘ஹோட்டல்’ஐ ‘ஓட்டல்’ என்று சொல்லிப் பழகியவர் ‘ஆன்’ போடுவார். ‘எ ஹோட்டல்’தான் சரி. ‘எக்ஸாம்’ஐ ‘யெக்ஸாம்’ என்று சொல்பவர் ‘எ’ போடுவார். ‘ஆன் எக்ஸாம்’தான் சரி.

பார்க்க வேண்டியது ஒட்டி நிற்கும் சொல்லை. ‘ஆன் அம்ப்ரெல்லா’, ஆனால் ‘எ பிளாக் அம்ப்ரெல்லா’. ‘எ டீச்சர்’, ஆனால் ‘ஆன் இங்கிலிஷ் டீச்சர்’. பெயரடையைப் பிறகு சேர்த்தால் திரும்ப வந்து பாருங்கள். இந்தப் படியைப் பின்னால் வைத்ததற்கு அதுதான் காரணம்.

7. இடப்பெயர்கள்

ஊர், நாடு, வீதி: ஒன்றும் வேண்டாம். ‘கொலம்போ’, ‘கெனடா’, ‘கோல் ரோட்’. ஆறும் கடலும் ‘த’ கேட்கும்: ‘த கெலனி ரிவர்’, ‘தி இண்டியன் ஓஷன்’. ஏரி கேட்காது: ‘பெய்ரா லேக்’. தனி மலை கேட்காது, மலைத்தொடர் கேட்கும்: ‘எடம்ஸ் பீக்’, ஆனால் ‘த ஹிமாலயாஸ்’.

நாட்டின் பெயரில் ‘கிங்டம்’, ‘ஸ்டேட்ஸ்’, ‘ரிபப்ளிக்’ மாதிரி சாதாரணச் சொல் ஒன்று இருந்தாலோ பெயரே பன்மையாக இருந்தாலோ ‘த’ வரும்: ‘த யூ.கே.’, ‘த மோல்டீவ்ஸ்’, ‘த நெதர்லண்ட்ஸ்’. நம் நாடே நல்ல உதாரணம். ‘ஸ்ரீலங்கா’ தனியாக நிற்கும். முழுப்பெயரைச் சொன்னால் ‘த டெமொக்ரட்டிக் சோஷலிஸ்ட் ரிபப்ளிக் ஒஃப் ஸ்ரீலங்கா’.

பல்கலைக்கழகத்திலும் இந்த விளையாட்டு உண்டு. ‘கொலம்போ யுனிவர்சிட்டி’ என்றால் ஒன்றும் இல்லை, ‘த யுனிவர்சிட்டி ஒஃப் கொலம்போ’ என்றால் உண்டு. சிவியில் இரண்டையும் கலந்து எழுதாதீர்கள்.

கொழும்பின் பழைய ஆங்கிலத்தில் புறக்கோட்டையை ‘த பெட்டா’, கோட்டையை ‘த ஃபோர்ட்’ என்பார்கள். வயதானவர்கள் அப்படிச் சொன்னால் திருத்தப் போக வேண்டாம். இப்போது வெறும் ‘பெட்டா’, ‘ஃபோர்ட்’ போதும்.

8. யோசிக்காமல் பாடமாக்க வேண்டியவை

‘பை பஸ்’, ‘ஒன் ஃபுட்’, ‘அட் ஹோம்’, ‘அட் நைட்’, ஆனால் ‘இன் த மோர்னிங்’. ‘ஹேவ் லஞ்ச்’. ‘பிளே கிரிக்கெட்’, ஆனால் ‘பிளே த வயலின்’. ‘ஹாஃப் ஆன் அவர்’. காரணம் தேடி நேரம் கழிக்க வேண்டாம். ‘பை பஸ்’ஸில் பஸ் ஒரு போக்குவரத்து முறை மட்டும். காலி வீதியில் ஒரு குறிப்பிட்ட பஸ்ஸில் ஏறச் சொன்னால் ‘டேக் த 100 பஸ்’ என்று ‘த’ திரும்பி வந்துவிடும்.

‘ஹி இஸ் இன் ஹொஸ்பிட்டல்’ என்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார். பார்க்கப் போனவர் ‘அட் த ஹொஸ்பிட்டல்’. நாம் இங்கே பின்பற்றும் பிரித்தானிய முறை இது; அமெரிக்கர்கள் நோயாளிக்கும் ‘இன் த ஹொஸ்பிட்டல்’ என்பார்கள்.

‘எ ஃப்யூ’வும் ‘ஃப்யூ’வும் ஒன்றல்ல. ‘ஐ ஹேவ் எ ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் சில நண்பர்கள் இருக்கிறார்கள். ‘எ’யை விட்டால், நண்பர்கள் அவ்வளவாக இல்லையென்ற புலம்பல்.

9. ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

வகுப்பில் ஒரு பிள்ளை எழுதியது, கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்:

‘மை ப்ரதர் இஸ் எஞ்சினியர். ஹி வேர்க்ஸ் இன் த டுபாய். லாஸ்ட் மந்த் ஹி சென்ட் மி போன். போன் வோஸ் இன் ப்ளூ பொக்ஸ். ஐ கேவ் த பொக்ஸ் டு த மை மதர். ஷி லைக்ஸ் த பொக்ஸஸ்.’

முதலாம் படி: ‘மை ப்ரதர்’ முடிந்தது. ‘த மை மதர்’ஐ ‘மை மதர்’ ஆக்குங்கள். இரண்டாம் படி: எஞ்சினியர், போன், பொக்ஸ் மூன்றும் எண்ணக்கூடியவை. மூன்றாம் படி: ‘எஞ்சினியர்’, முதல் ‘போன்’, இரண்டாம் ‘போன்’, ‘ப்ளூ பொக்ஸ்’ நான்கும் ஒருமையில் வெறுமையாக நிற்கின்றன. நாலு கேள்விக்குறி.

நாலாம் படி: எஞ்சினியர் என்பது தொழில், ‘எ’ பக்கம். முதல் போன் வாசிப்பவருக்குப் புதிது, ‘எ’. இரண்டாவது தெரிந்த போன், ‘த’. நீலப் பெட்டி முதல் தடவை வருகிறது, ‘எ’. அடுத்த வரியில் ‘த பொக்ஸ்’ என்று பிள்ளை தானாகவே சரியாக எழுதியிருக்கிறாள், அதைத் தொட வேண்டாம். ஆறாம் படி: ‘எஞ்சினியர்’ உயிரில் தொடங்குவதால் ‘ஆன்’. ‘ப்ளூ’ மெய்யொலியில் தொடங்குவதால் ‘எ’. ஏழாம் படி: டுபாய் ஓர் ஊர், ‘த’ போகட்டும்.

ஐந்தாம் படியை வேண்டுமென்றே பிந்தி வைத்தேன், ஏனென்றால் கடைசி வாக்கியத்தை என்னால் தனியாகத் திருத்த முடியவில்லை. அம்மாவுக்குப் பிடித்தது அண்ணன் அனுப்பும் அந்தப் பெட்டிகளா, பொதுவாகப் பெட்டிகளா? எழுதியவளிடமே கேட்டேன்.

“எந்தப் பெட்டியெண்டாலும் விடமாட்டா மிஸ். வெறும் பிஸ்கட் டின்னையும் எறிய விடமாட்டா.”

‘த’வை அவளே வெட்டினாள்.